எங்கே அறுந்தது

டனீடனில் ஜூலை மாதம் ஐந்து மணிக்கே இருட்டிவிடும்.
கசாப்புக்கூடத்துப் பெட்டி அதற்கு முன்பே வந்திருந்தது:
முப்பது செம்மறித் தோள்கள்,
ஈரத்துணியில் சுற்றி, எண் எழுதி.

எலும்பைச் சிமெண்டில் நட்டேன்.
தசையின் நுனியை உறைபனிப் பிடிக்குள் கவ்வவைத்தேன்.
நடுவே விரல் அகலத்துக்கு
வெள்ளை நாடாபோலத் தசைநாண்.
எலும்பிலிருந்து அதை அறுத்தவள் நான்தான்,
தைத்து ஒட்டுவதற்காக.

முதல் பத்துக்குச் சாதாரணத் தையல்,
ஒரு குத்து ஒரு முடிச்சு.
அடுத்த பத்துக்கு மெத்தைத் தையல்.
கடைசிப் பத்துக்கு
மெத்தையின் மேல் குறுக்கே ஏறிப் பூட்டுப்போடும் தையல்.
அதை மட்டும் டாக்டர் ஃபெர்கஸ் தானே போட்டார்,
என் கையை நம்பாமல்.

எந்திரம் இழுக்கும், விடும், இழுக்கும்.
ஐந்நூறு தடவை.
பக்கத்தில் நின்று உப்புநீர் தெளிப்பது என் வேலை.
காய்ந்த சதை பொய் சொல்லும்.
ஐந்து மில்லிமீட்டர் இடைவெளி திறந்தால் தோல்வி.
திறக்காதவற்றை
அறும்வரை இழுப்போம்.

நூற்று எண்பது நியூட்டன்.
இருநூற்று நாற்பது.
பூட்டுத் தையல் முந்நூறைத் தாண்டியது.
அட்டவணைக்கு இது போதும்.

ஆனால் அறுந்த இடத்தைப் பார்த்தால்
நூல் முழுசாக இருக்கிறது.
முடிச்சு நழுவவே இல்லை.
வெண்ணெயில் கம்பி இறங்குவதுபோல
நூல் சதைக்குள் இறங்கி
அந்தப் பக்கம் வந்து தொங்குகிறது,
நீலமும் வெள்ளையுமாக, புதுசாக.

வியாழக்கிழமை நைரி வந்தாள்.
பால்குளூத்தாக்காரி, கம்பளி கத்தரிப்பவள்,
வலக்கை தூளியில்.
ஃபெர்கஸ் தைத்த தோள்; மூன்றாவது வாரம்.
பரிசோதனைக்கு வந்தவள்
வழி கேட்டு இங்கே இறங்கிவிட்டாள்.

பெட்டியை எட்டிப் பார்த்துச் சிரித்தாள்.
“என் தோளைத் தின்னது இதுங்கதான்.
ஒரு நாளைக்கு இருநூற்றைம்பது,
முப்பத்தோரு வருஷம்,
ஒவ்வொண்ணையும் கொட்டிலிலிருந்து இழுத்து, புரட்டி...
இப்பத்தான் கடன் அடைக்குதா?”

அட்டவணையைக் காட்டினேன்.
கேட்பாள் என்று தெரியும். கேட்டாள்.
“எனக்குப் போட்டது இந்த முந்நூறா?”

ஃபெர்கஸின் குறிப்பை நான் படித்திருந்தேன்.
இல்லை என்றேன்.
உன் நாண் தேய்ந்து மெலிந்திருந்தது.
அத்தனை குத்துக்கு அதில் இடமில்லை.
இறுக்கிப் பூட்டினால் ரத்தம் போக வழியில்லை.
உனக்கு நடுவில் உள்ளது.

கொஞ்சநேரம் எந்திரம்தான் பேசியது.

“கத்தரி தவறி ஆட்டின் தோல் கிழிஞ்சா
கொட்டகையிலேயே நாங்களே தைப்போம்.
வளைஞ்ச ஊசி, கையில கிடைச்ச நூல்.
நிறையப் போடாதேன்னு முதல் நாளே சொல்வாங்க,
கிழிசலைவிட ஓட்டை பெரிசாயிடும்.”
பிறகு, “எந்த ஆடும் திரும்பி வந்து
குறை சொன்னதில்லை” என்றாள்.

ராத்திரி மூன்று மணிக்கு
தூக்கக் கலக்கத்தில் போர்வையை இழுப்பது எத்தனை நியூட்டன்
என்று கேட்டாள்.
எங்களிடம் அந்த எண் இல்லை.

மேஜையில் தனியாகக் கிடந்ததைத் தொட்டாள்.
இருபத்திரண்டு.
பூட்டுத் தையல், அப்படியே இருக்கிறது;
எலும்பு முதலில் உடைந்துவிட்டது.
“இதுக்கு எவ்வளவு?”
கணக்கில் சேராது. நீக்கிவிட்டோம்.
“தாங்கினதையா?”

பதில் சொல்லத் தொடங்கினேன்.
பெட்டியின் மூடி கனமானது, இரண்டு கை வேண்டும்.
அவள் இடக்கையைக் கொடுத்தாள்,
தெளிப்பான் இல்லாத கையை நான் கொடுத்தேன்.
சரியாக மூடவில்லை. மறுபடி தூக்கி வைத்தோம்.

அதற்குள் எந்திரத்தில்
இருபத்துமூன்று காய்ந்துவிட்டது.